துருவும் திருவும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியின் அலங்கார மேஜைக்கு முன்னால் பூதக்கண்ணாடியும் கையுமாக ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் மற்ற வீடுகளில் டாக்டரைக் கூப்பிடுவார்கள். மும்பை செம்பூரில் கட்டுரையாளர் வீட்டில் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். எல்லாம் பழக்கம்தான். போன மாதம் இதே பூதக்கண்ணாடியால் பெருங்காய டப்பாவைப் படித்து, உள்ளே இருப்பதில் பெரும்பகுதி மாவும் கோந்தும்தான் என்று கண்டறிந்து, இரண்டு நாள் ரசத்தைச் சந்தேகத்தோடு சாப்பிட்டவர் அவர். அதற்கு முந்தைய மாதம் மின்சார பில்.

இந்தத் தடவை அவராகத் தேடிப் போகவில்லை. மாட்டுங்காவில் மைத்துனர் மகளுக்குக் கல்யாணம். அதை முன்னிட்டு மனைவி ஒரு டின்டெட் சன்ஸ்கிரீன் வாங்கியிருந்தார். விலை 449 ரூபாய். மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் மகளின் டியூப் 1,850 ரூபாய். இரண்டிலும் 50 கிராம். இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு மனைவி கேட்டார்: "என்னங்க, இது ரெண்டும் ஒண்ணா, வேறயா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷத்தில் அந்த அம்மாள் கேட்டுவிட்டு வருந்திய கேள்விகளில் இதற்கு முதல் ஐந்துக்குள் இடம் உண்டு.

ஏனென்றால் கட்டுரையாளர் ஒரு பெயின்ட் கம்பெனியின் ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருஷம் மூட்டை எண்ணி ஓய்வு பெற்றவர். டியூபின் பின்பக்கத்தில், எறும்பு சாரிபோன எழுத்துகளின் கடைசி வரியில், அவருடைய பழைய சிநேகிதர்கள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சி.ஐ. 77891, சி.ஐ. 77491, சி.ஐ. 77492, சி.ஐ. 77499. டைட்டானியம் டை ஆக்சைடு, ரெட் ஆக்சைடு, யெல்லோ ஆக்சைடு, பிளாக் ஆக்சைடு. இவர்களை மூட்டை மூட்டையாக வரவு வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார். ஒரு தடவை ரெட் ஆக்சைடு மூட்டை கிழிந்து ஹோலிப் பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே சிவந்து வீடு வந்திருக்கிறார். 50 கிராம் டியூபில் அவர்களைச் சந்திப்பார் என்று நினைத்ததே இல்லை.

"அடடே, இது நம்ம கோடவுன் சரக்காச்சே!"

சி.ஐ. என்றால் கலர் இன்டெக்ஸ். இங்கிலாந்தின் சாயத் தொழில் சங்கம் 1920-களில் தொகுக்கத் தொடங்கிய நிறங்களின் பதிவேடு. பேர் எதுவானாலும் எண் மாறாது. வீட்டில் குஞ்சு, பள்ளிக்கூடத்தில் சுப்புலட்சுமி, ஆபீஸில் மிஸஸ் எஸ்.ராமன் என்று ஒருவருக்கே மூன்று பேர் இருந்தாலும் ஆதார் எண் ஒன்றுதானே, அது மாதிரி. லிப்ஸ்டிக் ஆகட்டும், கதவுக்கு அடிக்கும் பிரைமர் ஆகட்டும், 77491 என்றால் சிவப்பு இரும்பு ஆக்சைடு. அதாவது துரு. 77492 மஞ்சள் துரு, 77499 கறுப்புத் துரு.

"அப்ப நான் மூஞ்சில பூசறது ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடா?" என்றார் மனைவி.

கட்டுரையாளர் "ஆமாம்" என்றார். சொல்லியிருக்கக் கூடாது.

வழக்கு மகளின் நீதிமன்றத்துக்குப் போனது. மகள் இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: "அப்பா, பிஸ்லேரியில இருக்கறதும் எச்டூஓ, மித்தி நதியில ஓடறதும் எச்டூஓ. ஒரு டம்ளர் மித்தி கொண்டு வரட்டுமா?" தாராவியை ஒட்டி ஓடும் மித்தியை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம் தாண்டியவர்களுக்கு அதற்கு மேல் வாதம் தேவைப்படாது. மண்ணிலிருந்து தோண்டி எடுத்த காவியில் ஈயமும் ஆர்சனிக்கும் ஒட்டிக்கொண்டு வரலாம். அதனால்தான் முகத்துக்குப் போகும் இரும்பு ஆக்சைடை ஆலையில் செயற்கையாகச் செய்து, சுத்தம் பார்த்து அனுப்புகிறார்கள். பொருள் ஒன்று, தரம் வேறு. முப்பத்தொரு வருஷம் ஸ்டோர்ஸில் இருந்த மனிதர், 'கிரேடு' என்ற வார்த்தையை மகளிடம் கற்றுக்கொண்டார்.

ஆனாலும் அவருக்கு ஒரு விஷயம் இனித்தது. அம்பாசமுத்திரம் வீட்டில் பாட்டி கோலத்துக்குக் கரை கட்டியது காவியால். கோயில் மதிலில் சுண்ணாம்புக்குப் பக்கத்தில் பட்டை அடித்திருந்தது காவி. பேரன்கள் கோடை விடுமுறையில் வெறும் உடம்போடு படுத்துக் கிடந்த கூடத்தின் தரை ரெட் ஆக்சைடு. இவ்வளவு நாளும் குடும்பமே 77491-இன் மேல் புரண்டிருக்கிறது, பேர்தான் தெரியாது. டியூபில் இன்னும் மேலே படித்தால் கயோலின் வருகிறது. பெயின்ட் கோடவுனில் அது சைனா கிளே. பாட்டி வீட்டுப் பூஜை அலமாரியில் நாமக்கட்டி என்று இருந்ததும் இதே மாதிரியான வெள்ளைக் களிமண்தான். மைக்கா? சின்ன வயதில் ஆற்று மணலில் பொறுக்கிய காக்காப்பொன். முகத்தில் மினுமினுப்பு என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் காக்காப்பொன் இருக்கிறது என்று அர்த்தம். (ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி பக்கம் இதைச் சின்னப் பிள்ளைகள் பொறுக்கிக் கூடை நிரப்புகிறார்கள் என்று பல வருஷமாகச் செய்தி வருகிறது. அந்த வரி எந்த டியூபிலும் அச்சாவதில்லை.)

இதில் தமிழுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. மேக்கப்புக்கு நாம் சொல்லும் வார்த்தையே ஒரு மூலப்பொருளின் பேர். அரிதாரம். மஞ்சளாகப் பளபளக்கும் தாதுக்கல். வேதியியலில் ஆர்சனிக் சல்ஃபைடு. எடையில் நூற்றுக்கு அறுபது பங்கு ஆர்சனிக். "அரிதாரம் பூசி நாற்பது வருஷமாச்சு" என்று மூத்த நடிகர் பேட்டி கொடுக்கும்போது வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் எடுத்தால் பேட்டி எடுப்பவர் ஆம்புலன்ஸுக்குத்தான் போன் செய்ய வேண்டும். இன்றைய இந்தியச் சட்டத்தில், அழகு சாதனங்களுக்கு அனுமதித்த சாயங்களில் ஆர்சனிக் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஈயம் இருபது பங்குக்கு மேல் கூடாது. அறுபது சதவீதத்திலிருந்து பத்து லட்சத்தில் இரண்டு. நம்முடைய கூத்துக் கலைஞர்களின் பாட்டன்மார் இந்தக் கணக்கைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்களோ!

இனி மனைவி கேட்ட கேள்விக்கு வருவோம். இரண்டு டியூபும் ஒன்றா, வேறா?

படிக்கும் முறை எளிது. எது அதிகமோ அது முதலில், பிறகு இறங்குமுகம். இரண்டு டியூபிலும் முதலில் அக்வா. தண்ணீருக்கு லத்தீன் பேர். செம்பூரில் பால் ஊற்றும் பையாவுக்கு இந்த வார்த்தை மட்டும் தெரிந்திருந்தால் இத்தனை காலம் கெட்ட பேர் வாங்கியிருக்க வேண்டாம். "மேடம், பால்ல அக்வா சேத்திருக்கு" என்றால் லிட்டருக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்திருப்பார்கள். அக்வாவுக்குப் பிறகு சிலிக்கோன்கள். விரலுக்கு வழுவழுவென்று இருப்பது அவர்கள் கைங்கர்யம். அப்புறம் வெயிலைத் தடுக்கும் சரக்கு, எண்ணெய்கள், மெழுகு.

சூட்சுமம் எங்கே என்றால் ஒரு சதவீதத்தில். அதுவரைதான் வரிசை ஒழுங்கு. ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் இருப்பவர்களை எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். இந்திய விதியும் அதை அனுமதிக்கிறது. அந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்று டியூபில் போடமாட்டார்கள். ஆனால் ஃபீனாக்ஸிஎத்தனால் என்று ஒருவர் வருவார். கெட்டுப்போகாமல் காப்பவர். ஐரோப்பிய விதிப்படி அவர் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் பொதுவாக ஒரு சதவீதத்துக்கு உட்பட்ட சில்லறைக் கூட்டம். 1,850 ரூபாய் டியூபின் முகப்பில் தங்க எழுத்தில் பொறித்திருந்த குங்குமப்பூ அந்தக் கூட்டத்தில், ஃபீனாக்ஸிஎத்தனாலுக்கு ஐந்து பேர் தள்ளி, ஓரமாக நின்றுகொண்டிருந்தது.

"நைவேத்தியம்" என்றார் கட்டுரையாளர். "சுவாமிக்குக் காட்டியிருக்கான். போடலை."

449 ரூபாய் டியூபில் குங்குமப்பூ இல்லை. மற்றபடி முதல் எட்டுப் பேரில் ஆறு பேர் பொது. முகப்பில் 'தோல் மருத்துவர் பரிசோதித்தது' என்றும் இருந்தது. பரிசோதித்து எத்தனை மார்க் போட்டார் என்று இல்லை.

தீர்ப்பு எழுதிவிடலாம் என்று கட்டுரையாளர் பேனாவைத் திறந்தபோது மகள் தடுத்தாள். பட்டியலில் அளவு கிடையாது. ஒருவன் டைட்டானியத்தை நாலு பங்கு போட்டிருப்பான், இன்னொருவன் பத்து பங்கு. இரண்டு பேருக்கும் எழுத்து ஒன்றுதான். துகளின் அளவு, கலக்கிய விதம், எத்தனை மாதம் பிரியாமல் நிற்கும், எதுவும் தெரியாது. கட்டுரையாளர் பேனாவை மூடிவிட்டு மாட்டுங்காவுக்குக் கிளம்பினார். கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. தவிர, மனைவி இன்னும் அந்த 'ஆமாம்'-ஐ மன்னித்திருக்கவில்லை.

மாட்டுங்காவுக்கு வரும் தமிழர்கள் பூ, வாழைஇலை, காபிப்பொடி, ஆஸ்திக சமாஜக் கோயில் என்று ஒரு பாதையில் போய்த் திரும்பிவிடுவார்கள். அதே மாட்டுங்காவில், நாதாலால் பரேக் மார்க்கில், இந்தியாவின் சாயக்காரர்களுக்கெல்லாம் தாய்வீடு ஒன்று இருப்பது பெயின்ட் கம்பெனி ஆட்களுக்குத்தான் தெரியும். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையாக 1933-இல் தொடங்கி, யுடிசிடி என்று பேர் வாங்கி, இன்று ஐசிடி என்று நிற்கிற கல்வி நிலையம். அதன் முதல் இந்திய இயக்குநர் நம்மவர். சென்னையில் 1901-இல் பிறந்த கே. வெங்கட்ராமன். மான்செஸ்டரில் படித்துவிட்டு வந்து 1938 முதல் 1957 வரை இந்த வளாகத்தை நடத்தினார். கரிம வேதியியலில் பேக்கர்–வெங்கட்ராமன் மறுசீரமைப்பு என்று பாடப்புத்தகத்தில் வருவதில் பாதி இவர். செயற்கைச் சாயங்களின் வேதியியல் பற்றி அவர் எழுதிய பெரிய நூலின் முதல் பகுதிகள் 1952-இல் வந்தன. சாயம் செய்கிற உலகம் முழுக்க அதை அலமாரியில் வைத்துக்கொண்டது. கட்டுரையாளரின் கம்பெனியில்கூட ஒரு பிரதி இருந்தது. யாரும் எடுத்துப் படித்துப் பார்த்ததில்லை. ஆனால் இன்ஸ்பெக்ஷன் வந்தால் தூசி தட்டி மேஜைமேல் வைப்பார்கள்.

1952 பம்பாயின் முகத்துக்கு ராசியான வருஷம். அதே வருஷம்தான் டாட்டாக்கள் லாக்மேயைத் தொடங்கினார்கள். வெளிநாட்டு அழகு சாதனங்களுக்கு அந்நியச் செலாவணி கரைகிறதே என்ற நேருவின் கவலையில் பிறந்த கம்பெனி. பேர் பாரிஸிலிருந்து வந்தது. 1883-இல் அரங்கேறிய பிரெஞ்சு இசை நாடகத்தின் நாயகி லாக்மே. பிரெஞ்சுக்காரர் நாக்கில் புரண்ட நம்முடைய லட்சுமிதான் அவள். பாரிஸுக்குப் போய்ப் பேரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தவளை நாம் ஃபாரின் சரக்கு என்று நினைத்து வாங்கினோம்.

பரேலில் விக்கோ தொடங்கியதும் 1952-இல்தான். மஞ்சளும் சந்தன எண்ணெயும் சேர்த்த அவர்களுடைய கிரீமுக்கு விளம்பரமே 'இது அழகு சாதனம் அல்ல' என்பது. அதை வரி அதிகாரிகள் நம்பவில்லை. அழகு சாதனம் என்றால் வரி கூட, ஆயுர்வேத மருந்து என்றால் குறைவு. 1978-இல் மூண்ட சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், இந்த நூற்றாண்டில்தான் கம்பெனியின் வெற்றியில் முடிந்தது. ஒரு டியூப் என்ன பொருள் என்று முடிவுசெய்ய நாட்டின் மெத்தப் படித்தவர்களுக்கே கால் நூற்றாண்டு பிடித்திருக்கிறது. பூதக்கண்ணாடியோடு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்ப்புச் சொல்லப்போன கட்டுரையாளரின் அவசரத்தை என்னவென்பது!

முன்பணம் கட்டிவிட்டுக் காபிப்பொடிக் கடை வாசலில் நின்றபோது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. டின்டெட் கிரீம்களின் நிறங்களுக்கு ஐவரி, பேஜ், ஹனி, அல்மண்ட், கேரமல், மோக்கா என்றெல்லாம் பேர். யானைத் தந்தத்தில் ஆரம்பித்து நேராகப் பேக்கரிக்குள் நுழைந்துவிடுகிறார்கள். இதில் மாநிறம் எங்கே? தமிழில் சிவப்பு, கறுப்பு போக மீதி ஏழு கோடிப் பேரும் மாநிறம். வரன் பார்க்கும் விளம்பரங்களில் அதையே கோதுமை நிறம் என்று எழுதினோம். கோதுமையே விளையாத ஊரில். அதற்குக் காபியைக் கணக்கில் எடுக்கலாமே? டிகாக்ஷன் மட்டும், அரை டிகாக்ஷன், பால் தூக்கல், சிக்கரி இருபது, சிக்கரி நாற்பது. மாட்டுங்காவில் எந்தப் பாட்டியும் ஷேடு மாற்றி வாங்கமாட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், எல்லா ஷேடும் அந்த நாலே நாலு மூட்டைதான். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. ஐவரிக்கு வெள்ளை அதிகம். மோக்காவுக்குச் சிவப்பும் கறுப்பும் அதிகம். ஆயிரம் வருஷமாக மனிதர்கள் அடித்துக்கொண்ட விஷயம் கலவை இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு நாலு கரண்டிக் கணக்கு. இருந்தும் நம் நிறத்துக்கான டப்பா வெகுநாள் வரவில்லை. 2017-இல் பாடகி ரிஹானா ஒரே நேரத்தில் நாற்பது ஷேடுகளோடு கடை திறந்தது உலகச் செய்தி ஆனது. நம் ஊரிலோ 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி பேரிலிருந்து 'ஃபேர்' உதிர 2020 ஆனது. அதே 1975-இல்தான் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் வெயிலைத் தாங்கும் தன்மையை வைத்துத் தோலை வகை பிரித்தார். முதலில் நாலு வகை. நாலும் வெள்ளைக்காரர் தோல். பழுப்பும் கறுப்பும் ஐந்து, ஆறு என்று பிற்பாடு ஒட்டிக்கொண்டன. ரிசர்வேஷன் சார்ட்டில் ஆர்.ஏ.சி. மாதிரி.

வெள்ளை மூட்டைக்கு ஒரு கொசுறு. டைட்டானியத்தின் தாது குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கிற கறுப்பு மணலில் இருக்கிறது. இல்மனைட் என்று பேர். பார்த்தால் அடுப்புக்கரி நிறம். அதைக் காய்ச்சி, கரைத்து, பிரித்தால் பளீரென்ற வெள்ளை வருகிறது. அந்த வெள்ளையைப் பூசிக்கொண்டு கறுப்பை மறைக்க நினைக்கிறோம். மணவாளக்குறிச்சி மணலுக்குச் சிரிக்கத் தெரிந்தால் சிரித்திருக்கும்.

லிப்ஸ்டிக் பற்றிக் கல்யாண வீட்டில் பேச்சு வந்தபோது கட்டுரையாளர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வெங்காயம்கூடச் சேர்க்காத ஒரு பெரியம்மாவின் கைப்பையில் இருந்த லிப்ஸ்டிக்கில் சி.ஐ. 75470 இருந்தது. கார்மைன். சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினியல் பூச்சியைக் காயவைத்து எடுக்கும் சிவப்பு. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில், 1780-களின் கடைசியில், ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டு இந்தப் பூச்சியை வளர்க்கப் பார்த்தார். நாட்டுக்கு வந்து சேர்ந்ததோ வேறு ஜாதிப் பூச்சி, சாயம் மட்டம். "சைதாப்பேட்டையில பண்ணினாங்களா?" என்றார் பெரியம்மா. அவருக்குப் பிறந்த வீடு சைதாப்பேட்டை. முகத்தில் ஒரு கணம் பெருமிதம் தோன்றி, பூச்சி ஞாபகம் வந்து மறைந்தது. அன்று மாலை அந்த லிப்ஸ்டிக் யாரோ ஒரு சின்னப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது.

மணப்பெண்ணுக்கு மேக்கப் போட அமர்த்தியிருந்தது தாராவிப் பெண்ணை. தொண்ணூறு அடி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் ஒரு பார்லர். பத்துக்குப் பத்து அறை, மூன்று கண்ணாடி, ஒரு ஏசி. விசாரித்துவிட்டு வரும்படி கட்டுரையாளரை அனுப்பினார்கள். வீட்டில் அவர் இல்லாமல் இருப்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

"உக்காருங்க சார். பொண்ணுக்கு அப்பாவா?"

"அத்தைக்கு வீட்டுக்காரர். நமக்கு அம்பாசமுத்திரம்."

"அப்படியா! எங்களுக்கு வள்ளியூர்ப் பக்கம்லா. காபி குடிங்க அண்ணாச்சி."

சார் அண்ணாச்சி ஆன பிறகு ரகசியங்கள் வந்தன. கட்டுரையாளர் தன் நாலு மூட்டை ஞானத்தை எடுத்துவிட்டார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது: "அண்ணாச்சி, அரிசியும் உளுந்தும்தான் இட்லி. அதே அரிசியும் உளுந்தும்தான் தோசை. டப்பால எழுதியிருக்கதப் பாத்து எது இட்லின்னு சொல்லுவியளா?" மகள் அரை மணி நேரம் விளக்கிய விஷயம். மாட்டுங்காவில் பத்துக் கடையில் ஒரே உளுந்துதான். எந்தக் கடையில் இட்லி எந்தக் கடையில் செங்கல் என்று நாக்குக்குத்தானே தெரிகிறது.

அவள் கையாளும் பரீட்சைகள் வேறு. ஷேடு பார்க்கப் புறங்கையில் தடவக் கூடாது. வெயிலில் காய்ந்த கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம். தாடையும் கழுத்தும் சேரும் இடத்தில் தடவ வேண்டும். தடவியவுடன் தீர்மானிக்கவும் கூடாது. "அரை மணி நேரம் விட்டுப் பாக்கணும். பம்பாய் வேர்வைல கலர் ஒரு படி எறங்கிரும்." பிறகு போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம். டைட்டானியமும் சிலிக்காவும் கூடுதலாக இருக்கும் சரக்கு ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நேரில் தங்கச்சிலையாக நின்ற மணப்பெண் ஆல்பத்தில் விபூதிக்காப்புச் சாத்திய மாதிரி இருப்பாள். "ஆல்பம்தான அண்ணாச்சி அம்பது வருசம் நிக்கும்? மாப்பிள்ளைய யாரு பாக்கப் போறா?"

இன்னொரு அலமாரியில் பளபளவென்று ஒரு வரிசை. உலகப் புகழ் பெற்ற பேர்கள், 150 ரூபாய்க்கு. மும்பை முழுக்க இதற்கு ஒரே பேர்தான், ஃபர்ஸ்ட் காப்பி. அதை அவள் வாங்கி வைத்திருப்பது விற்க இல்லை, வாடிக்கைக்காரர்களுக்குக் காட்ட. நல்ல டப்பாவையும் போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பிக் காட்டுவாளாம். 2020-ஆம் வருஷ அழகு சாதன விதிகளின்படி டப்பாவில் செய்தவர் பேர், லைசென்ஸ் எண், பேட்ச் எண், தேதி, சேர்மானங்கள் எல்லாம் இருக்க வேண்டும். காப்பியில் படம் அச்சு அசலாக இருக்கிறது. பேட்ச் எண் இருக்கும் இடம் மொட்டை. "நம்ம முன்னோர் தாராவிக்கு வந்ததே தோலுக்கு வேலை செய்யத்தான் அண்ணாச்சி. அது ஆட்டுத்தோல். தப்பாப் போச்சுன்னா தூக்கிப் போட்ரலாம்." திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொட்டிகளுக்கு வேலை தேடி வந்தவர்களின் பேத்தி அவள். கட்டுரையாளர் இரண்டாவது காபி குடித்தார்.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். கல்யாணத்துக்குச் சரி, தினமும் எதற்கு நிறம் போட்ட சன்ஸ்கிரீன்? வெள்ளையிலேயே வாங்கிப் பூசினால் போதாதா?

"மங்கு இருக்கவங்களுக்கு டாக்டரே கலர் போட்டதுதான் எழுதித் தாராங்க" என்றாள். கன்னத்தில் படரும் கருந்திட்டைத்தான் மங்கு என்பது. ஏன் என்று மகள் இரவில் சொன்னாள். சாதாரண சன்ஸ்கிரீன் புறஊதாக் கதிரைத் தடுக்கும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். டெட்ராய்ட் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணுக்குத் தெரியும் அந்த வெளிச்சமே நம் மாதிரியான தோலைக் கறுக்க வைத்தது, அந்தக் கறுப்பு நின்று நீடித்தது; வெள்ளைத் தோலில் ஒன்றும் ஆகவில்லை. அந்த வெளிச்சத்தை வழிமறிக்கிறது எது என்றால் இரும்பு ஆக்சைடு. ஜன்னல் கம்பியைக் காப்பாற்றும் அதே துரு, அழகுக்காகச் சேர்ந்த துரு, மாநிறத்தார் விஷயத்தில் உண்மையிலேயே வேலை செய்கிறது. இரண்டு டியூபையும் எடுத்து ஒப்பிட்டால் 449 ரூபாய் டியூபில் மூன்று ஆக்சைடும் உண்டு. 1,850 ரூபாயிலும் மூன்றும் உண்டு, கூடவே குங்குமப்பூ.

ஒரு நிபந்தனையும் உண்டு. டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண்ணைச் சோதனைச்சாலையில் அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் பூசுவார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். வெள்ளைக் கிரீமில் அது சாத்தியம். நிறம் போட்டதை அவ்வளவு பூசினால் துரியோதனன் சபைக்கு வந்த மாதிரிதான் இருக்கும். எல்லோரும் பட்டாணி அளவு தொட்டுவிட்டு, ஐம்பது எஸ்பிஎஃப் பூசியதாக மனதுக்குள் குறித்துக்கொள்கிறார்கள்.

கட்டுரையாளர் எதையும் பாதியில் விடுகிறவர் அல்லர். கல்யாண நாளன்று காலை, எல்லோரும் முன்னால் போய்விட்ட பிறகு, மகளின் டியூபிலிருந்து விதிப்படி இரண்டு விரல் நீளம் எடுத்துத் தன் முகத்தில் பூசினார். மகளுக்குச் சரியான ஷேடு அது. தாயைக் கொண்ட நிறம். கட்டுரையாளர் தாமிரபரணி வெயிலிலேயே பழுத்தவர். கறுத்த தோலின்மேல் டைட்டானியம் தூக்கலான ஷேடு உட்கார்ந்தால் சிவப்பு வராது, சாம்பல் வரும். தாடையில் தடவிப் பார்க்க வேண்டும், அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று தாராவிப் பெண் சொன்னதெல்லாம் பெண்களுக்கு என்று நினைத்துவிட்டார்.

மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற சிறுவன் ஒரு அடி பின்வாங்கினான். சம்பந்தி வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "சுகர் செக் பண்ணினீங்களா?" என்று கேட்டார். மைத்துனர் நாற்காலி போடச் சொன்னார். சைதாப்பேட்டைப் பெரியம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "இதுவும் பூச்சியா?" என்று மெல்ல விசாரித்தார். மனைவி ஒன்றும் பேசவில்லை; புடவைத் தலைப்பால் ஒரே இழுப்பாக நெற்றியிலிருந்து தாடை வரை துடைத்துவிட்டுப் பந்திக்கு அனுப்பினார். ஆல்பத்தில் பதினேழாம் பக்கத்தில் மணமக்களுக்குப் பின்னால் ஒரு காது மட்டும் விபூதிக்காப்பில் தெரிகிறது.

வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டி தப்பவில்லை. இரண்டு தரம் சோப்பு, ஒரு தரம் எலுமிச்சை, போகவில்லை. இஸ்திரிக்கும் சலவைக்கும் வந்து துணி வாங்கிப்போகும் பையாவிடம் கொடுத்தார்கள். அவர் மூன்றாம் நாள் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். எண்ணெயா, மஞ்சளா, வேர்வையா என்று எல்லாம் பார்த்தாராம்.

"சாப், யே தோ ஜங் லகா ஹை" என்றார். துருக்கறை. பூதக்கண்ணாடி இல்லை, லேபிள் இல்லை. விரலால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். பிறகு, வயதான மனிதர் என்ற பரிவோடு இந்தியிலேயே கேட்டார், எங்கேயாவது ஜன்னல் கம்பியில் சாய்ந்துகொண்டு நின்றீர்களா?

கட்டுரையாளர் உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, இருபது ரூபாய் கூடக் கொடுத்தனுப்பினார்.